எண்ணெய் டின்: கிலோ விலையா, லிட்டர் விலையா?

வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில் உள்ள உங்கள் சாப்பாட்டுக் கடைக்கு ஒருவர் 17 கிலோ எண்ணெய் டின் 40 வெள்ளி (டாலர்) என்கிறார், இன்னொருவர் 18 லிட்டர் டின் 39.80 என்கிறார், இரண்டாவதுதானே மலிவு என்று கேட்டிருந்தீர்கள். இல்லைங்க. முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

சமையல் எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 0.92 கிலோதான் இருக்கும். அப்படிப் பார்த்தால் 18 லிட்டர் என்பது ஏறக்குறைய 16.56 கிலோ. 39.80-ஐ அதால் வகுத்தால் கிலோ 2.40 வெள்ளி. முதல் டின்னில் கிலோ 2.35தான். இரண்டாவது டின் விலையில் 20 காசு குறைவு, ஆனால் கிலோவுக்கு 5 காசு கூடுதல்.

அப்புறம், விலைப்பட்டியலின் அடியில் பொடி எழுத்தைப் படியுங்கள். 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்க்காத விலை என்றால் அந்த 39.80, பணம் கட்டும்போது 43.38 ஆகிவிடும். உங்கள் கடை ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்திருந்தால் அந்த வரியைத் திரும்பக் கோரலாம். வரி நீக்கிய விலைகளை ஒப்பிட்டால் போதும். பதிவு இல்லையென்றால் வரி சேர்த்த விலைதான் கணக்கு.

டெலிவரி 20 வெள்ளி என்றால், நான்கு டின் எடுக்கும்போது டின்னுக்கு 5 வெள்ளி ஏறும். பத்து எடுத்தால் 2 வெள்ளி. அதற்காகச் சின்ன சமையலறையில் பத்து டின்னை அடுக்க வேண்டாம், பணமும் இடமும் முடங்கிவிடும்.

கிலோ விலை, வரி, டெலிவரி மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரும்படி இருவரிடமும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்.