கடற்கரை மணலுக்குக் கம்போஸ்ட் டீ: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் வீட்டுக் கொல்லையில பன்னிரண்டு வருசமா காய்கறி, மல்லிகை, கீரைன்னு ரசாயனம் இல்லாம வளர்த்துட்டு வர்றேன். தொண்டியிலேருந்து சாயல்குடி வரைக்கும் நம்ம கரையோரத்துக்காரங்க கம்போஸ்ட் டீ, அதாவது மக்குன உரத்தைத் தண்ணியில ஊறவச்சு எடுக்கிற சாறு பத்தியும் மத்த உரங்கள் பத்தியும் கேட்டதுக்கு, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

அண்ணே, மல்லிகைப் பதியன் வச்சிருக்கோம். ஒரு மாசமா வாரம் ரெண்டு தடவை கம்போஸ்ட் டீ ஊத்துறேன். ஆனா இலை வெளுத்தே இருக்கு. என்ன குறை? (தங்கச்சிமடம்)

தங்கச்சி, எந்த இலை வெளுத்திருக்குன்னு முதல்ல பாருங்க. அடியில இருக்கிற பழைய இலை முழுசா மஞ்சளானா தழைச்சத்துக் குறை. நுனியில வர்ற புது இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்துக் குறை. ராமேஸ்வரம் தீவுல நான் பார்த்த தோட்டங்கள்ல பெரும்பாலும் ரெண்டாவதுதான்.

காரணம் மண்ணுலயே இருக்கு. ஒரு பிடி மண்ணை எடுத்து அதுமேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு பாருங்க. பொசுபொசுன்னு நுரைச்சா, அதுல சிப்பியும் பவளத்தூளும் கலந்திருக்குன்னு அர்த்தம். அதெல்லாம் சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணுல இரும்பு இருந்தாலும் வேருக்கு எட்டாது. அதனால முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் போட்டுட்டு இருந்தா ரெண்டையும் உடனே நிறுத்துங்க. மத்த ஊருக்கு நல்லதுன்னு சொல்ற இந்த ரெண்டும் நம்ம மண்ணுக்கு ஆகாது. அவசரத்துக்கு நாட்டு மருந்துக்கடை அன்னபேதி உப்பு 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலமா இலையில தெளிங்க. பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை.

நிரந்தர வழி மக்குன உரம்தான். நம்ம மணல் சல்லடை மாதிரி. டீயா ஊத்துற சத்து அடுத்த தண்ணியிலேயே கீழ இறங்கிப் போயிடும். குழிக்கு ஒரு கூடை மக்குன உரத்தைக் கலந்து, மேல தென்னைமட்டை மூடாக்குப் போட்டாத்தான் அது தங்கும். எருவே போடாத மணலுக்கு டீ மட்டும் கொடுக்கிறது, சோறு போடாம டானிக் கொடுக்கிற மாதிரி.

கம்போஸ்ட் டீ எப்படிப் போடுறது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. (மண்டபம்)

20 லிட்டர் வாளிக்கு ரெண்டு கிலோ நல்லா மக்குன உரம், மண்புழு உரம்னா ரொம்ப நல்லது. சணல் சாக்குத் துணியில முடிஞ்சு உள்ள தொங்கவிடுங்க. சாயல்குடிக் கருப்பட்டி ஒரு சின்ன உருண்டை, 50 கிராம் போதும், நுணுக்கிப் போடுங்க. மீன்தொட்டிக்கு வைக்கிற காத்து மோட்டார் குழாயை வாளியோட அடிவரைக்கும் விட்டு ஒரு நாள் ஓடவிடுங்க. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், நமக்கு வேண்டிய நுண்ணுயிரை அது கொன்னுடும். அதனால தண்ணியை முதல் நாளே அகலமான தொட்டியில திறந்து வச்சிருங்க.

மறுநாள் மூக்கை வச்சுப் பாருங்க. முதல் மழை விழுந்த மண் வாசம் வந்தா சரி. சாக்கடை, அழுகின முட்டை வாடை வந்தா செடிக்கு ஊத்தாம குப்பைக்குழியில கொட்டிடுங்க. மோட்டாரை நிறுத்தின நாலு மணி நேரத்துக்குள்ள ஊத்தி முடிச்சிடணும், பாட்டில்ல அடைச்சு வச்சா உள்ள இருக்கிற உயிர் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். வேருக்கு அப்படியே ஊத்தலாம். இலைக்குன்னா வடிகட்டி, பத்து மடங்கு தண்ணி சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கணும்.

மோட்டார் இல்லாதவங்க குச்சியால அடிக்கடி கலக்கிவிட்டாலும் ஓரளவு வரும். அப்போ கருப்பட்டி சேர்க்காதீங்க.

மாடித்தோட்டம் வச்சிருக்கேன். கிணத்துத் தண்ணி, உப்பு அளக்கிற டி.டி.எஸ். மீட்டர்ல 1,800 காட்டுது. அதுலேயே டீ போடலாமா? (கீழக்கரை)

வேண்டாம் லாத்தா. டீயிலயும் கரைஞ்ச உப்பு உண்டு, ரெண்டும் சேர்ந்து ஏறிடும். டீக்கு மட்டுமாவது குடிதண்ணியோ மழைத்தண்ணியோ எடுத்துக்கங்க. பீன்ஸ் 500 தாண்டினாலே சுணங்கும். தக்காளி ஆயிரம் சொச்சம் வரைக்கும் தாங்கும், பீட்ரூட் அதுக்கும் மேல. உங்க தண்ணிக்கு ஏத்த பயிரைப் போடுறதுதான் மன உளைச்சல் இல்லாத வழி.

இன்னொண்ணு, கரையோரத்துல நல்ல தண்ணி உப்புத் தண்ணிமேல மிதந்துட்டுத்தான் நிக்குது. பெரிய மோட்டார் போட்டு உறிஞ்சினா அடியில இருக்கிற உப்பு மேல ஏறிவரும். நம்ம பெண்கள் மணல்ல ஊத்துத் தோண்டி, கொஞ்சங்கொஞ்சமா மேலாக மொண்டு எடுக்கிறதுல இருக்கிற அறிவு அதுதான். வாளியால இறைக்க முடிஞ்சா இறைங்க.

கரையில பாசி குவிஞ்சு கிடக்கு. உரமாக்கலாமா? (பாம்பன்)

தாராளமா, ஆனா நான் பட்டதைக் கேட்டுட்டுச் செய்யுங்க. ஆறு வருசத்துக்கு முன்னாடி ஆடிக் காத்துல ஒதுங்கின கட்டக்கோரைப் பாசியை ரெண்டு சாக்கு அள்ளிட்டு வந்து, கழுவாம அப்படியே கத்தரிக்கு மூடாக்காப் போட்டேன். நாலாம் நாள் இலையோரம் கருகிச் சுருண்டது. மூடாக்கை விலக்கிப் பார்த்தா மண்ணுமேல வெள்ளையா உப்புப் பூத்திருந்தது. பூவும் பிஞ்சுமா நின்ன பதினெட்டுச் செடி. பாதிக்கு மேல போயிடுச்சு. இப்பவும் அந்தப் பாத்தியில நிக்கும்போது மனசு வலிக்கும்.

இப்போ மூணு தடவை நல்ல தண்ணியில அலசறேன். மூணாவது அலசல் தண்ணியை நாக்குல வச்சா உப்புத் தெரியக் கூடாது. அப்புறம் நறுக்கி, ஒரு பங்கு பாசிக்கு அஞ்சு பங்கு தண்ணி ஊத்தி மூடி, மூணு வாரம் நிழல்ல வைப்பேன். வடிச்சதை இருபது மடங்கு தண்ணியில கலந்து தெளிப்பேன். பாசியில சாம்பல்சத்தும் வளர்ச்சி ஊக்கிகளும் உண்டு, தழைச்சத்து கம்மி. அதனால இது எருவுக்கு மாத்து இல்ல.

பாக் நீரிணைப் பக்கம் கப்பாபைகஸ் பாசி வளர்க்கிற அக்காமாருகிட்ட ஈரப்பாசி கிடைச்சா, அரைச்சுப் பிழிஞ்ச சாறு இன்னும் நல்லது. ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 மில்லி. ஆனா அந்தப் பாசியோட துண்டைத் திரும்பக் கடல்ல வீசாதீங்க. குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறைமேல அது படர்ந்து மூச்சடைச்சது நமக்குத் தெரியும்.

கரையில ஒதுங்கினதை மட்டும் எடுங்க. மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் 1986லேருந்து தேசியப் பூங்கா, அங்க கை வைக்கக் கூடாது. ஆவுளியா (கடல்பசு) மேயுற கடல்புல்லையும் வேரோட பிடுங்காதீங்க. நம்ம தோட்டம் செழிக்கக் கடலை மொட்டையடிக்க வேண்டாம்.

மாமா, மீன் கழிவு தினமும் கிடைக்குது. கருவாட்டுக் கழிவும் சேர்க்கலாமா? (தேவிபட்டினம்)

கருவாடு கூடவே கூடாது மாப்ள, அத்தனையும் உப்பு. பச்சை மீன் குடல், செதிலை ரெண்டு தடவை அலசி, அதே எடைக்குக் கருப்பட்டி சேர்த்து மூணு வாரம் மூடி வைங்க. மூடியை இறுக்காதீங்க, வாயு கிளம்பும். தேன் நிறத்துல வடியுற மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லி போதும்.

மாடு இல்லை, சுத்திலும் சீமைக்கருவேலம்தான். என்ன செய்ய? (சாயல்குடி)

அந்த இலையைப் பச்சையா மண்ணுல போட்டா முளைப்பை அடக்கும். குழியில போட்டு, இலைன்னு அடையாளமே தெரியாத அளவுக்கு மக்க வச்சாப் பயமில்ல. அதைவிட கொளுஞ்சியைத் தேடுங்க. மணல்ல தானா வளரும், தழைச்சத்தும் உண்டு. பூக்கிற சமயத்துல வெட்டி மண்ணுல மடக்கிடலாம். மாடு இல்லாதவங்களுக்குக் கடலைப் புண்ணாக்கும் இருக்கு. 100 கிராமை ஒரு லிட்டர்ல மூணு நாள் ஊறவச்சு, பத்து மடங்கு தண்ணி கலந்து வேருக்கு ஊத்துங்க.

பஞ்சகவ்யாவையும் கம்போஸ்ட் டீயையும் கலந்து அடிக்கலாமா?

தனித்தனியா, ஒரு வாரம் இடைவெளி விட்டு. பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லிக்கு மேல போகாதீங்க.

கீரைக்கு டீ தெளிச்சா சாப்பிடுறதுக்குப் பயமில்லையா? புள்ளைங்களுக்குக் கொடுக்கிறது. (ஏர்வாடி)

நல்ல கேள்வி, இதை யாரும் கேக்கறதில்ல. கருப்பட்டி போட்டா நல்ல கிருமி மட்டுமில்ல, சாணத்துல கெட்ட கிருமி இருந்தா அதுவும் பெருகும். அதனால கீரைக்கு இலைமேல தெளிக்கவே வேண்டாம். நல்லா சூடேறி மக்குன உரத்துலேருந்து, கருப்பட்டி சேர்க்காம தயாரிச்ச டீயை வேர்ல மட்டும் ஊத்துங்க. பறிக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க. எங்க வீட்டுல முளைக்கீரை விதைக்கிறதுக்கு முன்னாடி பாத்தியில எருவைப் போடுறதோட சரி, பறிக்கிற வரைக்கும் வெறும் தண்ணிதான்.