ஒப்பிக்கிறானா, காட்டுகிறானா?

கேள்வி: மகனுக்கு 2 வயது 4 மாதம். எட்டுக் கோள்களையும் வரிசை மாறாமல் சொல்கிறான். டைட்டன், யூரோப்பா என்ற துணைக்கோள்கள் வரை தெரியும். அவனுடைய ஆயா (பாட்டி) மேதை என்று பூரித்துப்போய் ஞாபக சக்தி டானிக்கும் காட் லிவர் ஆயிலும் கொடுக்கிறார். நான் இணையத்தில் தேடினால் ஆட்டிசம் என்று வருகிறது. சந்தோஷம் வந்தால் கைகளை உதறுகிறான், சில நேரம் நுனிக்காலில் நடக்கிறான், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுவதில்லை. இந்த ஆர்வத்தை வளர்க்கலாமா, தடுக்க வேண்டுமா? டெலஸ்கோப் வாங்கலாமா? வீடியோ பார்த்தால் கண் கெடுமா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: கோள்களின் பெயரை வைத்து மேதை என்றும் சொல்ல முடியாது, ஆட்டிசம் என்றும் சொல்ல முடியாது. இந்த வயதில் பிள்ளைகள் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவனுக்கு லாரி, ஒருத்திக்கு டைனோசர், உங்கள் மகனுக்குச் சனி. மகிழ்ச்சியில் கை உதறுவதும், குதிகாலைத் தரையில் ஊன்ற முடிகிற பிள்ளை அவ்வப்போது நுனிக்காலில் ஓடுவதும், மற்ற பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து தனக்குத்தானே விளையாடுவதும் இரண்டு வயதில் சாதாரணம். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுபெட்டியில் தட்டினால் எல்லா வழியும் ஒரே ஊருக்குத்தான் கொண்டுபோய் விடும். இரவு பதினொரு மணிக்குத் தேடுவதை நிறுத்துங்கள்.

உங்கள் நீண்ட கடிதத்தில் நான் தேடியது ஒன்றை. அது அதில் இல்லை. வானத்தில் நிலாவைப் பார்த்தால் அவன் விரல் நீட்டி, உடனே திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா?

விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. பிஸ்கட் டப்பாவைக் காட்டுவது "எனக்குக் கொடு". ஒன்றேகால் வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது வந்துவிடும். நிலாவைக் காட்டுவது வேறு. நிலாவை நீங்கள் எடுத்துக் கொடுக்கப் போவதில்லை, அது அவனுக்கும் தெரியும். "நான் பார்ப்பதை நீயும் பார்" என்பதற்காகவே காட்டுகிறான். ஒன்றரை வயதில் எதிர்பார்க்க வேண்டியது இது. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவத்தைப் பதினைந்தாம் மாதத்தை ஒட்டி வைத்தவர்கள் பிள்ளைகளை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்.

எட்டுக் கோள்களையும் சொல்லும் பிள்ளை, பார்த்ததைக் காட்டவோ கொண்டுவந்து நீட்டவோ உங்கள் முகத்தைத் தேடவோ இல்லையென்றால், நான் கவலைப்படுவது அதற்காக. பெயர்கள் எத்தனை என்பது அங்கே கணக்கில் வராது. இதோடு இன்னொன்றையும் பாருங்கள்: ஒப்பிப்பதைத் தவிர்த்து, சொந்தமாக இரண்டு சொல்லைச் சேர்க்கிறானா? "அம்மா வா", "பால் வேணும்", "ராக்கெட் போச்சு" எதுவானாலும் சரி. வீடியோவில் வரும் வாக்கியத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்வது இதில் சேராது. முன்பு பேசிய சொல்லோ, முன்பு செய்த கையசைப்போ இப்போது காணாமல் போயிருந்தால் ஒரு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம், அடுத்த வேலை நாளே கிளினிக்குக்குப் போங்கள்.

வீட்டில் ஆயா தமிழ், நீங்கள் ஆங்கிலம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மா ஜூலு பேசினால் குழம்பிப்போவான் என்று யாராவது சொல்வார்கள். மூன்று மொழியால் பேச்சு தாமதமாவதில்லை. சொற்களை எண்ணும்போது மூன்று மொழியையும் கூட்டி எண்ணுங்கள். தமிழை நிறுத்தாதீர்கள்.

எம்-சாட் என்று ஆட்டிசத்துக்கான முதல்கட்டச் சோதனைப் படிவம் ஒன்று, 20 கேள்விகளோடு இருக்கிறது. 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கானது. மதிப்பெண் 0 முதல் 2 வரை வந்தால் பயம் குறைவு. 3 முதல் 7 வரை வந்தால் பயிற்சி பெற்றவர் அதே கேள்விகளைத் துருவிக் கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இணையத்தில் நீங்களே நிரப்பிவிட்டு அழுவது இதன் பயன் ஆகாது. மதிப்பெண் கூடிய பிள்ளைகளில் பலருக்கு ஆட்டிசம் இருப்பதில்லை. காதையும் சோதிக்கச் சொல்லுங்கள். பாட்டுப் பாடுகிறானே, காது நன்றாகத்தான் கேட்கும் என்று நினைக்காதீர்கள். சளியால் நடுக்காதில் நீர் கட்டினால் சில நாள் கேட்கும், சில நாள் மங்கும்.

டானிக்கை நிறுத்துங்கள். மூளையை வளர்க்கும் சிரப் என்று எதுவும் கிடையாது. காட் லிவர் ஆயிலை இன்றே நிறுத்துங்கள். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை கிளினிக்கில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கிறார்கள், தடுப்பூசியும் எடையும் குறிக்கும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் பதிந்திருக்கும். அதற்கு மேல் தினமும் இதையும் ஊற்றினால் வைட்டமின் ஏ ஈரலில் சேரும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்துச் சோற்றை ஒதுக்குகிறவன் என்றால், அவனுக்குக் குறையக்கூடியது இரும்புச்சத்து. அதற்கு ரத்தப் பரிசோதனை போதும்.

வீடியோவால் கண் அவிந்துவிடாது. ஆனால் அது பேச்சுக்குப் பதில் சொல்லாது, அதுதான் குறை. உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயதுக்குச் சொல்லும் உச்ச அளவு ஒரு மணி நேரம், குறைந்தால் நல்லது. பக்கத்தில் உட்காருங்கள், இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். "அஞ்சு, நாலு, மூணு..." என்று நீங்கள் எண்ணி, "ரெண்டு" வரும் முன் வாயை மூடிக்கொண்டு பத்து விநாடி காத்திருங்கள். உங்களைப் பார்த்தாலோ ஒரு சத்தம் கொடுத்தாலோதான் ராக்கெட் கிளம்பும். பலர் மூன்று விநாடியிலேயே பொறுமை இழந்து தாங்களே சொல்லிவிடுவார்கள், விளையாட்டு அங்கேயே கெட்டுப்போகும்.

டெலஸ்கோப் வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கண்ணை மூடி மறு கண்ணைக் குழாயில் அசையாமல் வைக்க வராது. ஆறேழு வயது வரை வெறும் கண் போதும். சதர்லாந்தில் 91 கண்ணாடிகளோடு நிற்கும் சால்ட் என்ற பெரிய தொலைநோக்கி எங்கும் ஓடிப்போகாது.

டர்பனில் வானம் பார்க்க மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். மழை குறைவு, ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்கிறது, ஆறு மணிக்கு நட்சத்திரம் காட்டிவிட்டு ஏழரைக்குத் தூங்க வைக்கலாம். டிசம்பரில் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதற்காகப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். பகல் தூக்கத்தோடு சேர்த்து 11 மணி நேரமாவது அவன் தூங்க வேண்டும். மின்வெட்டு இரவு வந்தால் திட்டிக்கொண்டே வாசலுக்கு வாருங்கள், தெற்கே சிலுவை நட்சத்திரம் தெளிவாகத் தெரியும். கடையில் வாங்கும் படப் புத்தகங்களில் வளர்பிறை வலப்பக்கம் ஒளிரும். இங்கே வடக்கே பார்த்தால் இடப்பக்கம் ஒளிரும். அதை அவனே கண்டுபிடித்துக் காட்டினால் எட்டுப் பெயரை ஒப்பிப்பதைவிடப் பெரிய விஷயம். ஜூன் கடைசியில் விடியலுக்கு முன் கிழக்கே தெரியும் கார்த்திகைக் கூட்டத்தை ஜூலுக்காரர்கள் இசிலிமேலா என்பார்கள், நிலம் கொத்தத் தொடங்கும் காலத்தின் அடையாளம். ஆயாவும் பார்த்துக்கொள்ளும் அம்மாவும் ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொடுக்கட்டும்.

வீட்டுக்குள் 22 செ.மீ. கால்பந்தைப் பூமியாக வைத்தால், 6 செ.மீ. நார்ட்ஜி ஆரஞ்சு ஒன்று நிலா. (பழத்தின் பெயரே நம் நாரத்தையிலிருந்து போனதுதான்.) இரண்டுக்கும் நடுவே ஆறரை மீட்டர், நல்ல நீளமான நடை. பழத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஓடி வரச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது யார் முகத்தைப் பார்க்கிறான் என்று கவனியுங்கள். முடிந்ததும் நிலாவை உரித்துக் கொடுக்கலாம்.

கூரையில் நட்சத்திரம் வீசும் விளக்கு வைத்திருந்தால், அதிலோ அதன் ரிமோட்டிலோ பட்டன் பேட்டரி இருக்கலாம். மூடி திருகாணியால் இறுகியிருக்க வேண்டும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வீட்டில் தேன் இருந்தால் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக் கடைக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஒரு வாரம் பாருங்கள். திரை அணைந்திருக்கும்போது அவன் விளையாடுவதையும், பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா என்பதையும், நிலா பார்க்கும் நேரத்தையும் ஒரு நிமிடம் வீதம் ஃபோனில் வீடியோ எடுங்கள். அறையில் மருத்துவர் பார்க்கும் பத்து நிமிடத்தில் பிள்ளை சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். காட்டுகிறான், முகம் பார்க்கிறான் என்றால் கிளினிக்குக்கு அடுத்த வழக்கமான நாளில் போனால் போதும். சந்தேகமாக இருந்தால் ரோட் டு ஹெல்த் புத்தகத்தோடு கிளினிக் சிஸ்டரிடம் போய் எம்-சாட், காது சோதனை, பேச்சுப் பயிற்சி மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். ஆறு வயதுக்குக் கீழே அரசுக் கிளினிக்கில் கட்டணம் இல்லை. நிபுணருக்கான வரிசை நீளமாக இருக்கும், பேச்சுப் பயிற்சியைத் தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அவனுக்கு இப்போது 28 மாதம், அந்தப் படிவத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.