கோர்ட் தீர்ப்பும் கடன் பதிவும்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வாசகர்களுக்குப் பதில்

கே (சாட்ஸ்வொர்த்): மண்டபக்காரர் 12,000 ராண்ட் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு (சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்) போனால் என் பெயர் கெடுமா?

ப: கெடாது. வழக்குப் போட்டவர் பெயர் கடன் பதிவில் ஏறாது. அங்கே 20,000 ராண்ட் வரை கேட்கலாம். முதலில் 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுங்கள்.

கே (ஃபீனிக்ஸ்): மெக்கானிக்குக்கு 8,500 ராண்ட் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு. கட்டிவிட்டேன் ஐயா. பதிவு தானாகப் போய்விடுமா?

ப: இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 2015 மார்ச்சிலிருந்து, கடன் கொடுத்த நிறுவனம் பணம் முழுக்க வந்த 7 நாளுக்குள் கிரெடிட் பீரோவுக்கு (யார் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று பதிந்து வைக்கும் நிறுவனம்) சொல்ல வேண்டும். பீரோ அடுத்த 7 நாளில் தீர்ப்பை எடுத்துவிட வேண்டும். அந்தக் கடமை கடன் ஒப்பந்தம் போட்ட நிறுவனத்துக்குத்தான். மெக்கானிக் உங்களுக்குக் கடன் கொடுத்தவர் இல்லையே! பதிவு இருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன் என ஒவ்வொரு பீரோவும் ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பதிவு இருந்தால் வழக்கு எண், தொகை, தேதி, ‘முழுவதும் தீர்ந்தது’ என்ற வரி, அதன் கீழ் மெக்கானிக்கின் கையெழுத்து, இவ்வளவும் உள்ள தாளை அந்த பீரோவுக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ‘ஷார்ப் (சரி), கிடைத்தது’ போதாது.

அப்புறம், ‘பிளாக்லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துத் தருகிறோம்’ என்று கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நம்பி யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

கே (டொங்காட்): என் கம்பெனி பெயரில் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாமா?

ப: முடியாது. கம்பெனி மேல் போடலாம்.

கே (வெருலம்): எதற்கு இவ்வளவு பாடு? 5 ஆண்டு பேசாமல் இருந்தால் எல்லாம் அழிந்துவிடும். என் மைத்துனர் அப்படித்தான் இருந்தார், இப்போது வங்கியே கடன் கொடுத்தது.

ப: கொடுத்திருக்கும். 5 ஆண்டில் அழிவது பீரோவில் உள்ள பதிவு மட்டும். தீர்ப்புக் கடன் 30 ஆண்டு உயிரோடு இருக்கும்.

கே (மறுபடி வெருலம்): கடன் 3 ஆண்டில் காலாவதி என்கிறார்களே?

ப: அது கோர்ட்டுக்கே போகாத சாதாரணக் கடனுக்கு. நடுவில் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டாலும், சம்மன் கையில் வந்தாலும் அந்த 3 ஆண்டுக் கணக்கு அறுந்துபோகும். மைத்துனர் வீட்டு வாசலில் ஷெரிஃப் (கோர்ட் அதிகாரி) வந்து, பக்கியை (பிக்கப் வண்டியை) ஜப்தி செய்ய எழுதிக்கொண்டு போகலாம். அவரிடம் சொல்லுங்கள்.

கே (மெரிபேங்க்): 5 ஆண்டு ஆனதும்...

ப: மேலே பாருங்கள்.

கே (ஐசிபிங்கோ): சம்மனே வரவில்லை, எனக்குத் தெரியாமலே தீர்ப்பு வந்திருக்கிறது.

ப: ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் தீர்ப்பு என்றால், தெரிய வந்த 6 வாரத்துக்குள் அதே கோர்ட்டில் ரத்துக்கு மனுப் போடுங்கள். கிளார்க் உதவுவார், கட்டணம் கேட்டு வரும் ஏஜென்ட் வேண்டாம்.