கீபோர்டை லேப்டாப்பில் மாட்டினால் ஏன் சத்தம் வரவில்லை?

கேட்டிருப்பது இது: மகளுக்கு 61 கீ உள்ள இசைக் கீபோர்டு வாங்கியிருக்கிறார்கள். பின்பக்கம் ‘யூஎஸ்பி டு ஹோஸ்ட்’ என்று ஒரு துளை. அதில் வயர் போட்டு லேப்டாப்பில் மாட்டினால் லேப்டாப்பிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கீபோர்டு பழுதா? மிடி என்கிறார்களே, அது என்ன? போனிலும் மாட்டலாமா?

பழுதெல்லாம் இல்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பெரும்பாலான கீபோர்டுகளில் அந்த வயர் வழியாகச் சத்தம் வராது. வருவது சேதி மட்டும்தான். எந்தக் கீயை அழுத்தினார்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினார்கள், எப்போது கையை எடுத்தார்கள் என்ற சேதி. அந்தச் சேதி பேசும் மொழிக்குத்தான் மிடி என்று பெயர். ஸ்வரம் எழுதிய நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தால் அது பாடாது இல்லையா? யாராவது எடுத்துப் பாட வேண்டும். லேப்டாப்பில் அப்படிப் பாடும் மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால்தான் ஸ்பீக்கரில் சத்தம் வரும். (சில புதிய மாடல்கள் அதே வயரில் ஆடியோவையும் அனுப்புகின்றன. கையேட்டில் ‘யூஎஸ்பி ஆடியோ’ என்று இருக்கிறதா பாருங்கள்.)

நான் பெரம்பூரில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன், வார இறுதிகளில் மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். மிடி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நான் விளக்கம் எதுவும் கொடுப்பதில்லை, காட்டிவிடுவேன். வரும் சேதிகளை அப்படியே எண்ணாகக் காட்டும் மிடி மானிட்டர் என்ற சின்ன மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. போன வருஷம் 11 வயதுப் பையன் ஒருவனை அதன் முன்னால் உட்கார வைத்து, கீபோர்டின் நடு ‘ஸி’யை அழுத்தச் சொன்னேன். திரையில் 144, 60, 71 என்று ஒரு வரி வந்தது. 144 என்றால் முதல் சேனலில் ஒரு ஸ்வரம் ஆரம்பிக்கிறது. 60 என்பது நடு ஸி. 71 அவன் அழுத்திய வேகம். மெதுவாகத் தொட்டான், கடைசி எண் 30 ஆனது. ஓங்கி அடித்தான், 112. கையை எடுத்ததும் ஸ்வரம் முடிந்தது என்று இன்னொரு வரி. ஸ்வரத்தின் எண்ணும் வேகத்தின் எண்ணும் 0 முதல் 127-க்குள் அடங்கும்.

அப்புறம் ச ரி க ம ப என்று ஐந்து விரலால் வாசிக்கச் சொன்னேன். 60, 62, 64, 65, 67 சரியாக வந்தன. வேகத்தில் மட்டும் 71, 69, 74, அடுத்தது 43. மோதிர விரல்! ‘ம’ கொஞ்சம் அமுங்கிக் கேட்கிறது என்று ஒரு மாதமாக அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவன் காதுக்கு அது பிடிபடவே இல்லை. எண்ணைப் பார்த்ததும் அவனே திரும்பத் திரும்ப வாசித்து 43-ஐ 50 ஆக்கினான், 58 ஆக்கினான். அன்றைக்கு வகுப்பு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. உங்கள் மகளுக்கும் இதைத்தான் முதலில் செய்து காட்டச் சொல்வேன். பாட்டுப் பதிவெல்லாம் அப்புறம்.

இப்போது வயர் விஷயம். கீபோர்டின் பின்னால் இருக்கும் சதுரத் துளைக்குப் பிரின்டர் வயர் போதும். தனியாக மிடி வயர் வாங்கத் தேவையில்லை. மேக்கிலும் ஐபேடிலும் அநேகமாக மாட்டியதும் வேலை செய்யும். விண்டோஸில் சில கம்பெனி கீபோர்டுகளுக்கு அவர்களுடைய தளத்திலிருந்து டிரைவர் இறக்கி நிறுவ வேண்டியிருக்கும். பிறகு ஒரு மென்பொருள்: மேக், ஐபேடு என்றால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைச் சோதித்துப் பார்க்கலாம். வாசிப்பதை ஸ்டாஃப் நொட்டேஷனாக (ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய முறை) எழுத வேண்டுமென்றால் மியூஸ்ஸ்கோர் இலவசம். எதைத் திறந்தாலும் செட்டிங்கில் மிடி இன்புட் என்ற இடத்தில் உங்கள் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் வாசிக்கும் டிராக்கில் பியானோ போன்ற ஒரு வாத்தியத்தையும் வைக்க வேண்டும். முக்கால்வாசிப் பேருக்குச் சத்தம் வராதது இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிடுவதால்தான்.

சத்தம் வந்தபின் அடுத்த புகார், ‘அழுத்தினால் கொஞ்சம் தள்ளிக் கேட்கிறது’. இதற்கு மிடியைக் குறை சொல்லாதீர்கள். பழைய ஐந்து முள் மிடி வயரே வினாடிக்கு 31,250 பிட் அனுப்பும். ஒரு ஸ்வரத்தின் சேதி போய்ச் சேர ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. தாமதம் கணினி ஒலியை உருவாக்கி வெளியே அனுப்பும் இடத்தில் நடக்கிறது. ஆடியோ செட்டிங்கில் பஃபர் என்று ஒன்று இருக்கும், ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புவது என்ற அளவு. 512 என்று வைத்திருந்தால் அது மட்டுமே 11.6 மில்லி வினாடி, 128 என்று குறைத்தால் 2.9. ரொம்பக் குறைத்தால் சத்தம் விட்டுவிட்டுக் கரகரக்கும், அப்போது ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஒலியின் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ என்ற டிரைவர் போடுவது பெரிய வித்தியாசம் தரும். சவுண்டு கார்டுக்கென்று சொந்த டிரைவர் இல்லையென்றால் ஆசியோ4ஆல் இருக்கிறது, அதற்குக் காசு இல்லை. புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். பாட்டுக் கேட்க நன்றாக இருக்கும் ஹெட்போன் வாசிக்கும்போது தாளத்தையே குலைத்துவிடும். வயர் உள்ளதைப் போடுங்கள்.

போனிலும் தாராளமாக மாட்டலாம். ஆண்ட்ராய்டு 6-லிருந்தே மிடிக்கு வசதி இருக்கிறது. பிரின்டர் வயரின் தட்டையான முனையை ஒரு ஓடிஜி அடாப்டரில் சொருகி அதைப் போனில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். சில போன்களில் ஓடிஜி என்று செட்டிங்கில் தனியாக ஆன் செய்ய வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது தானாகவே ஆஃப் ஆகிவிடும். நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். பழைய லைட்னிங் துளை ஐபோன், ஐபேடுக்கு கேமரா அடாப்டர் தேவை.

உங்கள் கீபோர்டில் சதுரத் துளையோடு வட்டமான ஐந்து முள் துளையும் இருந்தால் அதுவும் மிடிதான், அதன் பழைய உருவம். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் என்ஏஎம்எம் இசைக்கருவிக் கண்காட்சியில் ஓர் அமெரிக்கக் கம்பெனியின் புரொஃபெட் 600-ஐயும் ஜப்பானின் ரோலண்ட் ஜுபிடர் 6-ஐயும் வயரால் கோத்து, ஒன்றில் வாசித்து மற்றதை ஒலிக்க வைத்தார்கள். போட்டிக் கம்பெனிகள் ஒரே பேச்சுக்கு ஒத்துக்கொண்ட நாள் அது. அதை முன்னின்று செய்த டேவ் ஸ்மித்துக்கும் இக்குதாரோ ககேஹாஷிக்கும் 2013-இல் டெக்னிக்கல் கிராமி கொடுத்தார்கள். 40 வருஷத்துக்கு முந்தைய கீபோர்டு இன்றைய லேப்டாப்போடு பேசுகிறது என்றால் அவர்கள் இருவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 2020-இல் மிடி 2.0 வந்த பிறகும் பழையது அப்படியே செல்லுபடியாகிறது.

வட்டத் துளையில் விதி ஒன்றுதான். ஒன்றின் ‘அவுட்’ மற்றதன் ‘இன்’னுக்குப் போக வேண்டும். கடைகளில் கிடைக்கும் யூஎஸ்பி மிடி வயர்களில் முனைகளின் மேல் எழுதியிருப்பதை நம்ப முடியாது. சிலர் ‘இதை இன்னில் சொருகு’ என்ற அர்த்தத்தில் ‘இன்’ என்று போடுகிறார்கள், சிலர் நேர் எதிராக. வேலை செய்யவில்லையென்றால் இரண்டையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள். எதுவும் எரிந்துபோகாது.

ஆனால் மலிவான வயரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், நான் பட்டிருக்கிறேன். கச்சேரிக்கு முந்தின நாள் அவசரத்துக்கு ரிச்சி தெருவில் ஒரு கடையில் கிடைத்ததை வாங்கிவந்தேன். வீட்டில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் வில்லிவாக்கத்தில் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறும் நேரம், இரண்டு கையிலும் நிறைய ஸ்வரங்களைச் சேர்த்து ஸ்ட்ரிங்ஸ் வாசித்துக்கொண்டிருந்தேன். கையை எடுத்தேன், ஒரு ஸ்வரம் மட்டும் நிற்கவே இல்லை. பாடகர் அடுத்த வரிக்குப் போய்விட்டார், அது அவர் பாட்டுக்குக் குறுக்கே ஒலித்துக்கொண்டே இருந்தது. ‘ஆரம்பி’ என்ற சேதி போய்ச் சேர்ந்திருக்கிறது, ‘நிறுத்து’ என்பது நடுவில் தொலைந்துவிட்டது. ‘நிறுத்து’ வரும்வரை அந்த ஸ்வரம் ஒலிக்க வேண்டியதுதானே. லேப்டாப்பில் வால்யூமை இறக்கித்தான் சமாளித்தேன். அந்தக் குடும்பத்தின் வீடியோவில் அந்தச் சத்தம் என்றைக்கும் இருக்கும் என்பது இன்னமும் எனக்கு வருத்தம். அதற்குப் பிறகு பெயர் தெரிந்த கம்பெனி வயர்தான். ‘பேனிக்’ என்று மென்பொருளில் ஒரு பட்டன் இருக்கும், எல்லா ஸ்வரத்தையும் ஒரே அடியாக நிறுத்தும். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நான் மேடை ஏறுவதில்லை.

இன்னொரு சந்தேகம் உங்களுக்குச் சீக்கிரமே வரும். ஒரு கீயை அழுத்தினால் கீபோர்டின் சொந்தச் சத்தமும் லேப்டாப்பின் சத்தமும் சேர்ந்து வரும். கீபோர்டில் ‘லோக்கல் கன்ட்ரோல்’ என்று இருப்பதை ஆஃப் செய்தால் கீபோர்டு தன் வாயை மூடிக்கொண்டு சேதி மட்டும் அனுப்பும். முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்துவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் லேப்டாப் இல்லாமல் வாசிக்கும்போது கீபோர்டு ஊமையாக இருக்கும், திரும்பவும் பழுது என்று பயப்படுவீர்கள்.

இவ்வளவு மெனக்கெட்டு இதை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டால், எனக்குச் சுருதி விஷயம் ஒன்றே போதும். ஒரு பாடகிக்காக 5 கட்டையில் முழுப் பாட்டுக்கும் கீபோர்டு வாசித்து மிடியாகப் பதிந்து வைத்திருந்தேன். பதிவு நாளில் அவருக்குச் சளி. ‘அண்ணா, அரைக் கட்டை இறக்கினால் பாடிவிடுவேன்’ என்றார். ஆடியோவாகப் பதிந்திருந்தால் இழுத்து இறக்கும்போது பியானோவின் ஒலியே மாறியிருக்கும். மிடியில் எல்லாமே எண்தானே! ஒவ்வொரு ஸ்வரத்திலிருந்தும் ஒன்றைக் கழிக்கச் சொன்னேன், 67-இல் இருந்த ஆதார ஸ்வரம் ‘ச’ 66-க்கு வந்துவிட்டது, 4.5 கட்டை. நொடியில் முடிந்தது. அவர் பாடிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மகள் கர்நாடக இசையும் கற்கிறாள் என்றால் ஒன்று. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்துக்குக் கீபோர்டின் இடது பக்கச் சக்கரத்தைப் பயன்படுத்துவார்கள், பிட்ச் பெண்ட். மற்ற பெரும்பாலான சேதிகளுக்கு 128 படிதான், இதற்கு 16,384 படிகள் வைத்திருக்கிறார்கள், காது அவ்வளவு நுணுக்கமானது. அந்தச் சக்கரத்தை முழுதாகத் தள்ளினால் எத்தனை ஸ்வரஸ்தானம் ஏறும் என்பது கீபோர்டிலும் மென்பொருளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வழக்கமாக இரண்டு. ஒரு பக்கம் 2, மறுபக்கம் 12 என்று இருந்தால், கீபோர்டில் கேட்கும்போது அழகாக இருந்த தோடி ராகம் லேப்டாப்பில் எங்கோ போய் நிற்கும்.

பிரின்டர் வயரை மட்டும் 2 அல்லது 3 மீட்டருக்குள் வாங்குங்கள். 5 மீட்டரைத் தாண்டினால் கீபோர்டையே கணினி கண்டுகொள்ளாமல் போகலாம்.