படத்தின் ஃபார்முலாவைத் தெரிந்துகொண்டு ஆடும் பாத்திரங்கள் யார் யார்? அப்படி ஒருவனை எழுதுவது எப்படி?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. தான் எந்த வகைக் கதையில் மாட்டியிருக்கிறோம் என்று உணர்ந்து அதைச் சாதகமாக்கிக்கொள்ளும் பாத்திரங்கள் எவை என்பது ஒன்று. திரைக்கதையில் அப்படி ஒருவனை எழுதும்போது எங்கே சறுக்கும் என்பது இன்னொன்று. முடிவுகளைச் சொல்லாமல் இரண்டுக்குமே பதில் எழுத முடியாது. ‘த்ரிஷ்யம்’ இரண்டு பாகங்களையும் ‘ஸ்க்ரீம்’ படத்தையும் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் ஒரு கழித்தல். ‘இது என்ன சினிமாவா?’ என்று நம் படங்களில் ஆளாளுக்குக் கேட்பதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கேட்ட அடுத்த நிமிடமே சினிமாவில் நடப்பதுதான் நடக்கும், கேட்டவரும் அதற்கேற்ப எதையும் மாற்றிச் செய்யமாட்டார். அது எழுதியவர் தனக்கு வாங்கிக்கொள்ளும் முன்ஜாமீன். நீங்கள் கேட்கும் ஆள் வேறு. அவனுக்கு ஒரு விதி தெரியும், அதை வைத்து ஒரு காரியம் செய்வான், அதனால் கதை திரும்பும்.

இதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஆள் ஜீத்து ஜோசப் இயக்கிய ‘த்ரிஷ்யம்’ ஜார்ஜ்குட்டி (மலையாளம், 2013). தமிழில் ‘பாபநாசம்’ சுயம்புலிங்கம் (2015). கேபிள் டிவி நடத்துகிறவன், படிப்பு நான்காம் வகுப்பு, ராத்திரி பகலாகப் படம் பார்ப்பவன். வீட்டில் ஒரு கொலை நடந்ததும் அவன் யோசிப்பது, போலீஸ் படத்தில் விசாரணை எந்த வரிசையில் போகும் என்பதைத்தான். செல்போன் இருக்குமிடத்தைத் தேடுவார்கள். ஆகவே செத்தவனின் போன் வழியில் போகும் லாரிக்குப் போய்விடுகிறது. காரைத் தேடுவார்கள், அது குவாரித் தண்ணீருக்குள். குடும்பத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள் என்பதால் மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் வீட்டிலேயே ஒத்திகை.

இதுவரை இருப்பது எல்லா த்ரில்லரிலும் வரும் சாமர்த்தியம். அவனை வேறு தரத்துக்குக் கொண்டுபோவது சாட்சிகளை அவன் கையாளும் விதம். பொய்ச்சாட்சி சொல்ல ஆள் பிடித்தால் அடி விழும்போது உடைந்துவிடுவான், அதுவும் படங்களில் பார்த்ததுதான். அதனால் சாட்சிகளுக்கே தெரியாமல் அவர்களைச் சாட்சியாக்குகிறான். குடும்பத்தோடு பஸ்ஸில் போவது, தியானக் கூட்டம், ஓட்டல், தியேட்டர் எல்லாமே நிஜமாக நடக்கின்றன, தேதி மட்டும் பொய். பிறகு ஒருநாள் அதே ஓட்டல்காரரிடமும் ஆபரேட்டரிடமும் போய்ப் பேச்சோடு பேச்சாகப் பழைய தேதியை அவர்கள் மனதில் போட்டுவிட்டு வருகிறான். அவர்கள் பார்த்தது உண்மை என்பதால் எவ்வளவு குறுக்குக் கேள்வி கேட்டாலும் உடையமாட்டார்கள். ஐ.ஜி. கீதா பிரபாகர் இந்த வித்தையைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் நிரூபிக்க வழியில்லை.

அவன் கணக்கு தப்பும் இடங்களும் படத்தில் இருக்கின்றன, எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான். கான்ஸ்டபிள் அவனை அந்தக் காரில் பார்த்துவிடுகிறார். சின்னப் பெண் அடி தாங்காமல் குழி எங்கே என்று சொல்லிவிடுகிறாள். தோண்டினால் கன்றுக்குட்டி. அதாவது தன் திட்டத்தின் பலவீனமான கண்ணி எது என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அது அறுந்தால் விழுவதற்கு ஒரு இடமும் தயாராக இருக்கிறது. சினிமா பார்த்தவனுக்குக் கடைசி நிமிடத் திருப்பம் என்று ஒன்று உண்டு என்பது தெரியாதா என்ன?

இரண்டாம் பாகத்தில் (2021) இது இன்னும் முற்றிப்போகிறது. இப்போது அவனுக்குத் தியேட்டர் இருக்கிறது, படம் எடுக்கப் போவதாக ஒரு திரைக்கதை எழுத்தாளரோடு உட்கார்ந்து கதை பேசுகிறான். அந்தக் கதை நாவலாக அச்சாகியிருக்கிறது. வழக்கு மறுபடி கிளம்பும்போது, நாவலைப் பார்த்துப் போலீஸ் கட்டிய கதை இது என்று கோர்ட்டில் வாதாட அதுவே வழி தருகிறது. செத்தவனின் எலும்புகளை மாற்றும் வேலையும் அந்தக் கதையின் கிளைமாக்ஸாகவே நமக்குச் சொல்லப்படுகிறது. முதல் பாகம் அளவுக்கு இது நம்பும்படி இல்லை என்பது என் எண்ணம். மயானக் காவல்காரர், ஆய்வுக்கூடத்து ஆள் என்று இத்தனை பேர் அவனுக்குத் தோதாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்தது வெஸ் கிரேவனின் ‘ஸ்க்ரீம்’ (1996), கெவின் வில்லியம்சன் எழுதியது. இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் வீடியோ கடையில் வேலை பார்க்கும் ராண்டியைத்தான் சொல்வார்கள். பேய்ப்படத்தில் உயிர் பிழைக்க மூன்று விதிகள் என்று பார்ட்டியில் நின்று பாடம் நடத்துவான்: உடலுறவு கூடாது, குடியும் போதையும் கூடாது, ‘இதோ வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகவே கூடாது. ஆனால் விதிகளைச் சொல்வதோடு அவன் வேலை முடிந்துவிடுகிறது. அதே நேரத்தில் மாடியில் கதாநாயகி சிட்னி முதல் விதியை மீறிக்கொண்டிருக்கிறாள், அவள்தான் பிழைக்கிறாள். ராண்டி ‘ஹாலோவீன்’ (1978) பார்த்துக்கொண்டு திரையிலிருக்கும் நடிகை ஜேமி லீ கர்ட்டிஸைப் பெயர் சொல்லி ‘பின்னால பாரு!’ என்று கத்தும்போது அவன் பின்னாலேயே முகமூடி நிற்கிறது. ராண்டியாக நடித்தவர் பெயரும் ஜேமி என்பது இன்னொரு அடுக்கு.

விதியைப் பயன்படுத்திக்கொள்கிறவர்கள் உண்மையில் கொலைகாரர்கள். இதுபோன்ற படங்களில் கடைசியில் ரத்தக் காயத்தோடு தப்புகிறவன்மேல் யாரும் சந்தேகப்படுவதில்லை. அதனால் பில்லியும் ஸ்டூவும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு, பழியைச் சிட்னியின் அப்பா தலையில் கட்டத் திட்டம் போடுகிறார்கள். பில்லி அதற்கு முன்பே சோளப்பாகு ரத்தத்தைப் பூசிக்கொண்டு செத்துப்போனதாக நடித்தும் காட்டிவிட்டான். கெட்டுப்போவது எதனால் தெரியுமா? கத்திக்குத்தின் ஆழத்தால். திரையில் காயம் கதைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் ஆழமாக இருக்கும், நிஜ உடம்புக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஸ்டூவுக்கு ரத்தம் நிற்காமல் போக ஆரம்பிக்கிறது. அந்தச் சமயத்தில் சிட்னி காணாமல்போய், அவர்களுடைய முகமூடி உடையையும் குரல் மாற்றும் கருவியையும் எடுத்துக்கொண்டு அவர்களுக்கே போன் போடுகிறாள். செத்துக் கிடக்கும் கொலைகாரன் கடைசியாக ஒருமுறை எழுந்திருப்பான் என்று ராண்டி எச்சரிக்கிறான், பில்லி எழுந்திருக்கிறான், சிட்னி நெற்றியில் சுடுகிறாள். ராண்டியின் அறிவு காரியமாக மாறுவது அங்கேதான், அதுவும் இன்னொருத்தி கையால்.

முதல் காட்சியையும் சொல்ல வேண்டும். போனில் கொலைகாரன் கேட்கிறான், ‘வெள்ளிக்கிழமை 13’ படத்தில் கொலை செய்வது யார்? மறுமுனையில் இருக்கும் கேஸி என்ற பெண் சட்டென்று ஜேசன் என்கிறாள். 1980-இல் வந்த முதல் படத்தில் கொலைகாரி ஜேசனின் அம்மா, ஜேசன் வெட்ட ஆரம்பிப்பது இரண்டாம் பாகத்தில். அரைகுறை அறிவுக்கு அங்கே ஓர் உயிர் விலை. இத்தகைய பாத்திரத்தை எழுத நினைக்கிறவர்கள் இந்த ஒரு காட்சியை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

சின்ன உதாரணங்களில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ‘லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ’ (1993) படத்தில் திரைக்குள்ளிருந்து நிஜ உலகத்துக்கு வந்துவிட்ட வில்லன் பெனடிக்ட், தெருவில் ஒருவனைச் சுட்டுவிட்டு, ‘நான் கொலை செய்துவிட்டேன்’ என்று கத்திப் பார்க்கிறான். ஒரு போலீஸ்கூட வரவில்லை. இங்கே கெட்டவனும் ஜெயிக்கலாம் என்ற முடிவுக்கு வருகிறான். பின்னால் அவன் துப்பாக்கி ‘டிக்’ என்று சத்தம் மட்டும் போடும்போது, குண்டு தீர்ந்தது என்று ஹீரோ வெளியே வருகிறார். ஆக்‌ஷன் படத்தில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தமே கிடையாது. பெனடிக்ட் வேண்டுமென்றே துப்பாக்கியில் ஒரு குண்டறையைக் காலியாக விட்டு வைத்திருந்தான்! இன்னொன்று ‘கேலக்ஸி க்வெஸ்ட்’ (1999). படத்துக்குள் அதே பெயரில் ஒரு விண்வெளி டிவி தொடர் வருகிறது, அதில் கப்பல் தன்னைத்தானே வெடிக்கவைத்துக்கொள்ளும் கடிகாரம் எப்போதும் 1-இல் நிற்கும். அதைப் பார்த்துக் கப்பல் கட்டிய வேற்றுக்கிரகத்தார் அதையும் அப்படியே வடிவமைத்துவிட்டதால், பொத்தானை அமுக்கியும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருந்து 1-இல்தான் நிற்கிறது.

‘தமிழ்ப் படம்’ (2010) ஏன் இந்த வரிசையில் இல்லை என்று சிலர் கேட்கலாம். சைக்கிள் மிதித்துப் பெரியவனாவதும் ஒரே பாட்டில் பணக்காரனாவதும் நல்ல கிண்டல்தான். ஆனால் அங்கே உலகமே ஃபார்முலாவில் ஓடுகிறது, எதிராளிக்கும் அது சம்மதம். ஒருவனுக்குத் தெரிந்தது இன்னொருவனுக்குத் தெரியாமல் இருந்தால்தான் அதை வைத்து ஆட முடியும்.

எழுதும்போது: ஒரு படத்துக்கு ஒரு விதி, மிஞ்சினால் இரண்டு. அது பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் 20, 25 பக்கங்களுக்குள் யாருக்காவது ஒருமுறை பலித்துக் காட்ட வேண்டும். அவனுக்கு அது எங்கிருந்து தெரியும் என்பதற்குத் தொழிலே காரணமாக அமைந்தால் நல்லது. கேபிள் ஆபீஸும் வீடியோ கடையும் சும்மா வைத்ததில்லை. ஒருமுறையாவது அவன் கணிப்பு தப்ப வேண்டும், அந்தத் தப்பு நடுப்பகுதிக்கு முன்னால் வரக் கூடாது. முன்னால் வந்தால் அவனுக்கு எதுவும் தெரியாது என்று பார்வையாளர் முடிவுகட்டிவிடுவார்.

எழுதி முடித்ததும், சினிமா என்ற சொல் வரும் வசனங்களையெல்லாம் அடித்துவிட்டுக் காட்சியைப் படித்துப் பாருங்கள். சிட்னி போனில், பேய்ப்படப் பெண்கள் வாசல் வழியாக ஓடாமல் மாடிப்படி ஏறுவதைக் கிண்டல் செய்வாள். சற்று நேரத்தில் வாசற்கதவில் சங்கிலி மாட்டியிருப்பதால் அவளே மாடிக்கு ஓடுவாள். ஆனால் மேலே போனதும் அலமாரிக் கதவைத் திறந்து அறைக்கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடுவாள். கிண்டல் வசனத்தை எடுத்துவிட்டாலும் அந்தக் கதவு அப்படியே நிற்கும்.