காரைக்குடிப் பக்கத்துப் பெண் நான், பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ரேடியோகிராஃபி படிக்க விண்ணப்பிக்கலாமா? எந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது?

தாராளமாக விண்ணப்பியுங்கள், தங்கச்சி. நீட் மதிப்பெண் எம்.பி.பி.எஸ்ஸுக்குப் போதாது, கதிர்வீச்சு என்றதும் அப்பத்தா முதற்கொண்டு வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் தேவகோட்டைப் பக்கத்துக்காரிதான். இதே படிப்பைப் படித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, சி.டி. பிரிவில் வேலை பார்க்கிறேன். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்: கல்லூரியின் பெயரையும் கட்டடத்தையும் பார்த்து இடம் எடுக்காதீர்கள். அதோடு சேர்ந்த ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் எவ்வளவு கூட்டம் வருகிறது என்று பார்த்து எடுங்கள். இந்தத் தொழில் கைக்கு வருவது அங்கேதான்.

ஊரில் இதை பட்டன் அமுக்குகிற வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் என்ன செய்கிறோம் என்று ஓர் உதாரணம் சொன்னால் புரியும். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஐப்பசி, கார்த்திகையில் முற்றம் நனைந்தே கிடக்கும். சுற்றிலும் இருக்கிற கல் தரையில் கால் வழுக்கி விழுந்து வருகிற வயதானவர்கள் அந்த மாதங்களில் அதிகம். ஸ்ட்ரெச்சரில் கொண்டுவருவார்கள். ஒரு கால் குட்டையாகத் தெரியும், பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பார்த்த மாத்திரத்திலேயே தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்ற வேண்டும். சாதாரணமாக இடுப்பு எக்ஸ்ரேக்கு இரண்டு பாதங்களையும் சுமார் 15 டிகிரி உள்பக்கமாகத் திருப்பி வைப்போம்; அப்போதுதான் அந்தக் கழுத்துப் பகுதி முழு நீளத்துக்குப் படத்தில் விழும். முறிவு என்று சந்தேகம் வந்துவிட்டால் அந்தக் காலைத் திருப்பவே கூடாது. பக்கவாட்டுப் படமும் வேண்டும், ஆளையும் புரட்டக் கூடாது. அதனால் நல்ல காலை மட்டும் தூக்கித் தாங்கி வைத்துவிட்டு, எக்ஸ்ரே ட்யூபைப் படுக்கைவசமாகத் திருப்பிப் பக்கத்திலிருந்து எடுப்போம். இவ்வளவையும் செய்துகொண்டே, "ஆச்சி, நீங்க அசையவே வேண்டாம், மெஷினை நான் திருப்பிக்கிறேன்" என்று பேச்சும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவு வலியிலும் அவர் அசையாமல் கிடப்பது அந்தக் குரலை நம்பித்தான்.

மார்பு எக்ஸ்ரே இன்னும் எளிது என்பார்கள். முகவாயை உயர்த்தி, தோள்கள் இரண்டையும் முன்னால் தள்ளி நிற்க வைக்காவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலின் மேல் விழுந்து மறைத்துவிடும். மூச்சைச் சரியாக இழுத்துப் பிடிக்காவிட்டால் இதயம் பெரிதாகத் தெரியும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவரிடம் அதைச் சேர்த்து மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். கல்யாணமான பெண்ணிடம் கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்காமல் வயிற்றுப் பகுதியை எடுக்கக் கூடாது. மாமியார் பக்கத்தில் நின்றால் உண்மையான பதில் வராது, அவரைப் பதமாக வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். நம் ஊர்களுக்குப் பெண் ரேடியோகிராஃபர்கள் எவ்வளவு தேவை என்பதை அந்த அறையில் நின்றால் தெரிந்துகொள்வீர்கள். ஆட்களோடு பேசப் பிடிக்கும், வலியைப் பார்த்துக் கலங்காமல் நிற்க முடியும் என்றால் இது உங்களுக்கான படிப்பு.

இரண்டு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு வாருங்கள். "ஸ்கேன் படிப்பு" என்றதும் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் அல்ட்ராசவுண்டை நினைக்கிறார்கள். பாலினத் தேர்வைத் தடுக்க 1994-இல் வந்த சட்டத்தின்படி அதைத் தகுதியுள்ள மருத்துவர்தான் செய்ய முடியும். டெக்னாலஜிஸ்ட் தானாகச் செய்ய முடியாது. நம் கையில் இருப்பவை எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மாமோகிராம் போன்றவை. படத்தைப் படித்து முடிவு எழுதுவதும் கதிரியல் மருத்துவர்தான். "என்னம்மா இருக்கு, சொல்லிடும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். டாக்டர் சொல்வார் என்று சொல்லிவிட்டு, அவசரமாகப் பார்க்க வேண்டிய படத்தை உடனே டாக்டர் கண்ணில் படவைப்பது நம் கடமை. அப்புறம், விண்ணப்பத்தில் ரேடியோகிராஃபியும் ரேடியோதெரபியும் பக்கத்துப் பக்கத்தில் வரும். ரேடியோதெரபி டெக்னாலஜி என்பது புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை கொடுக்கும் வேலை. அதுவும் நல்ல படிப்புதான், ஆனால் வேறு படிப்பு.

சரி, வீட்டில் இருக்கும் பயத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரே என்பது படம் எடுக்க எக்ஸ்போஷர் கொடுக்கும் அந்தக் கணத்தில் மட்டும்தான் வருகிறது. மின்சாரம் நின்றால் கதிரும் நின்றது. சுவரிலோ படுக்கையிலோ நோயாளியின் உடம்பிலோ எதுவும் தங்காது. அப்பத்தாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், பாதிப் பயம் இதிலேயே போய்விடும். எக்ஸ்போஷர் கொடுக்கும்போது நாம் ஈயக் கண்ணாடி வைத்த தடுப்புக்குப் பின்னால் நிற்போம். தூரமும் பெரிய பாதுகாப்பு: தூரம் இரண்டு மடங்கானால் மேலே விழும் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

அதோடு, ஒவ்வொருவருக்கும் டி.எல்.டி. என்று ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும், ஈய ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பி, எவ்வளவு கதிர் பட்டது என்று அளந்து பதிவு செய்வார்கள். இதையெல்லாம் கண்காணிப்பது 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அவர்கள் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு இது). எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க: மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உணவிலிருந்தும் ஒரு மனிதருக்கு இயற்கையாகக் கிடைப்பதே உலக சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். முறையாக வேலை செய்யும் எக்ஸ்ரே அறைப் பணியாளருக்குப் பேட்ஜில் வருவது வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கும்.

கல்யாணம், குழந்தை என்று வீட்டில் இழுப்பார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி பணியை மாற்றித் தர வேண்டும் என்பது விதி. என் பிள்ளைகள் இருவரும் நான் இந்த வேலையில் இருக்கும்போதே பிறந்தவர்கள். உண்மையில் கவனம் தேவைப்படும் இடம் வேறு. ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் என்கிற நகரும் எக்ஸ்ரே மெஷின், இதயத்துக்கு ஆஞ்சியோ செய்யும் கேத் லேப், இங்கெல்லாம் நோயாளிக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்ய வேண்டும். ஏப்ரனும் தைராய்டு கவசமும் போடாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. எக்ஸ்ரே அறையில் அழும் குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் நீங்கள் பிடிக்காதீர்கள். கர்ப்பமாக இல்லாத உறவினர் ஒருவருக்கு ஏப்ரன் மாட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். தினம் தினம் நாமே பிடித்தால் நம் மேல் படும் கதிரின் கணக்கு ஏறிவிடும்.

இப்போது கல்லூரி. நம் மாநிலத்தில் இந்தப் படிப்பின் பெயர் பி.எஸ்சி. ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி. பட்டம் கொடுப்பது பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். காரைக்குடியைச் சுற்றிப் பார்த்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012-இல் வந்தது, புதுக்கோட்டை 2017-இல் வந்தது. 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியும் அதன் ராஜாஜி ஆஸ்பத்திரியும் கொஞ்சம் தள்ளி. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1934-இலிருந்து இயங்கும் பர்னார்ட் கதிரியல் நிறுவனம் இருக்கிறது. காலையில் காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறினால் போய்விடலாம். எந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பு, எத்தனை இடம் என்பது அந்தந்த ஆண்டின் இடப் பட்டியலில் வரும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே ஒரு கல்லூரியை முதல் சாய்ஸாகப் போடாதீர்கள்.

சாய்ஸ் பதிவதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை அப்பாவையோ சித்தப்பாவையோ கூட்டிக்கொண்டு, நீங்கள் நினைத்திருக்கும் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவுக்கு நேரில் போங்கள். வரிசை எவ்வளவு நீளம், விபத்தில் அடிபட்டவர்கள் வருகிறார்களா, சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் அங்கேயே இருக்கின்றனவா, இரவிலும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். இறுதி ஆண்டுப் பிள்ளைகளிடம் பேசுங்கள். போன வாரம் நீங்களே பொசிஷன் வைத்து எடுத்த படம் எத்தனை? சி.டி. கன்சோலில் உட்கார விடுகிறார்களா? ஐ.சி.யு.வுக்குப் போர்ட்டபிள் மெஷின் தள்ளிக்கொண்டு போயிருக்கிறீர்களா? இன்டர்ன்ஷிப்பில் உதவித்தொகை உண்டா? ரிஜிஸ்டர் எழுதத்தான் விடுகிறார்கள் என்று பதில் வந்தால், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதைப் பட்டியலில் கீழே தள்ளிவிடுங்கள். கைப்பழக்கம் இல்லாமல் பட்டத்தோடு வெளியே வரும் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் படும் பாட்டை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வாடகைக் கட்டடத்தின் மாடியில் போர்டு மாட்டிக்கொண்டு, ஆறு மாதத்தில் எக்ஸ்ரே, ஸ்கேன் டெக்னீஷியன் ஆக்குகிறோம், நூறு சதவீதம் வேலை என்று நோட்டீஸ் கொடுப்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்தின் அல்லது எந்த அரசுத் துறையின் அங்கீகாரம் என்று ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்ரே மெஷின் வைத்திருக்கும் இடம் ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடு, முறையாகப் படித்த ஆளை வைத்துத்தான் இயக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத சான்றிதழ் அங்கே செல்லாது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் இரண்டாண்டு டிப்ளமோ அப்படிப்பட்டதல்ல, அது மதிப்புள்ளது. பட்டப் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் அதற்கு விண்ணப்பியுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ரேடியோகிராஃபர்களை எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். அதன் பழைய அறிவிப்புகளை எடுத்து, என்ன தகுதி கேட்டிருக்கிறார்கள் என்று இப்போதே ஒரு முறை படித்துவிடுங்கள்.

நம் ஊரில் அடுத்த கேள்வி சிங்கப்பூருக்குப் போகலாமா என்பதுதான். போகலாம், ஆனால் அந்தந்த நாட்டுப் பதிவு வேண்டும். சிங்கப்பூரில் துணை மருத்துவத் தொழில் கவுன்சில், பிரிட்டனில் ஹெச்.சி.பி.சி. என்கிற பதிவு கவுன்சில், வளைகுடா நாடுகளில் அவரவர் சுகாதாரத் துறையின் உரிமம். படித்த பாடத் திட்டத்தையும் வேலை அனுபவத்தையும் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். அதனால் இன்டர்ன்ஷிப் பதிவேட்டையும் மதிப்பெண் பட்டியல்களையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிப்பது சிக்கலான வேலை இல்லை. பிளஸ் டூ முடிவு வந்த பிறகு, சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு துணை மருத்துவப் பட்டப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இணையத்தில் ஒரே விண்ணப்பம் விடும். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தவர்களுக்கும் தகுதி உண்டு. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். நம் மாநிலச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடந்து வந்திருக்கிறது. 2021-இல் இந்தத் தொழில்களுக்கென்று தனிச் சட்டம் வந்து தேசிய ஆணையமும் அமைந்திருப்பதால், பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பழைய விதியை நம்பாமல் இந்த ஆண்டுக் கையேட்டை வரி வரியாகப் படியுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பெயரில்தான். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும், ஆதாரில் குடும்ப இனிஷியல் மூன்று எழுத்தும் ஏறியிருக்கும், சாதிச் சான்றிதழில் இன்னொரு விதமாக இருக்கும். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வேறுபட்டிருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றை மாற்றுங்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், உங்கள் வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், மூன்றுக்கும் இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். கவுன்சலிங் அறிவிப்பு வந்துவிட்டால் அங்கே கூட்டம் தாங்காது. இந்த வாரமே போய்விடுங்கள்.