ஜூரிக்கு முன் கடைக்குப் போகாதீர்கள்

கேள்வி: என் மகள் பி.ஆர்க் (கட்டடக்கலை) மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். வரைந்ததைத் தேர்வாளர்கள் பார்த்து மதிப்பெண் போடும் ஒவ்வொரு ஜூரியிலும் 'டிசைன் வளரவே இல்லை' என்கிறார்கள். கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு கடையில் த்ரீடி படமும் மாடலும் செய்து தருகிறார்களாம். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். போன ரிவ்யூவில் (இடையில் ஆசிரியர் பார்த்துக் குறை சொல்லும் நாள்) சொன்ன குறை இந்த வரைபட ஷீட்டிலும் அப்படியே இருந்தால்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்கள். படம் அழகாக வந்தால் அது சரியாகாது.

மாடிப்படியையே பாருங்கள். நூலகம் ஒன்றை வரைகிறாள், தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் 20 படி. பத்துப் படி ஏறித் திரும்புகிற இடம் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வரும். சிலாப் கனம் போனால் அதுவும் குறையும். அதற்குக் கீழே கழிப்பறைக் கதவை வைத்தால் குனிந்துதான் நுழைய வேண்டும். மேலிருந்து பார்க்கிற பிளானில் இது கண்ணுக்குப் படாது, கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் செக்‌ஷனில் உடனே தெரியும். கடைக்காரர் படத்தில் மாலை வெயில், மரம், நடந்துபோகும் ஆட்கள் எல்லாம் இருக்கும், இந்த இடம் இருக்காது. வெளியிலிருந்து ஜூரிக்கு வருகிறவர் அங்கேதான் விரல் வைப்பார்.

மாடலில் ஆரம்பிக்கும் கடை, அப்புறம் ஷீட், கடைசியில் ஐந்தாம் ஆண்டு தீசிஸுக்கே விலை பேசும். படித்து முடித்துப் பதிவு செய்து, ஆர்க்கிடெக்ட் என்று கையெழுத்துப் போடப்போவது உங்கள் மகள், கடைக்காரர் இல்லை.

லேசர் கட்டிங் மட்டும் விலக்கு. அட்டை வெட்டக் கடைக்குப் போகலாம். ஆனால் ஃபைலை அவளே வரைந்திருக்க வேண்டும், ஒட்டுவதும் அவளே. 'சுவர் சேரல, நானே திருத்திட்டேன்' என்று கடைக்காரர் சொன்னால், அதைப் பிளானிலும் செக்‌ஷனிலும் போட்டுப் பார்த்த பிறகே வெட்டச் சொல்ல வேண்டும். கையால்தான் வெட்ட வேண்டும் என்று கல்லூரி சொல்லியிருந்தால் இதுவும் கூடாது.

கல்லூரிகள் மேலும் தப்பு இருக்கிறது. பல வார உழைப்பை ஐந்து நிமிடத்தில் பார்த்து, பளபளப்புக்கு மதிப்பெண் போடும்வரை இந்தக் கடைகள் மூடாது. பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே வருகிறார்கள். எந்தக் கோடு தப்பு என்று காட்ட ஆளில்லை. பொறுக்க முடியாத கொடுமை இது.

சரி, அடுத்த ஜூரியில் சொல்வதையெல்லாம் தோழி ஒருத்தி எழுதிக்கொள்ளட்டும். அன்றே பழைய ஷீட்டின் மேல் பட்டர் பேப்பர் (அடியில் இருப்பது தெரியும் மெல்லிய தாள்) விரித்து, 1:100 அளவில் (ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்) பிளானையும் செக்‌ஷனையும் சேர்த்தே கையால் திருத்தச் சொல்லுங்கள். பழைய தாளை எறிய வேண்டாம்; அடுத்த ரிவ்யூவில் இரண்டையும் பக்கம் பக்கமாக ஒட்டட்டும். கம்ப்யூட்டரில் ஏற்றுவது அதற்கப்புறம்.